வண்டி ஓடாத தீவும் அம்மாவின் முழங்காலும்

நீங்கள் கேட்டது இதுதான்: கார், பைக் எதுவும் ஓடாத சின்னத் தீவு ஒன்றில் ஐந்து நாள் சும்மா இருந்துவிட்டு வர வேண்டும், இந்தோனேசியாவின் கிலி தீவுகளைப் பற்றிக் கேள்விப்பட்டேன், மூன்றில் எது நல்லது? கூட வருவது மனைவி, ஒன்பது வயது மகள், 67 வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி, சுத்த சைவம். கடைசி வரியில் போகிற போக்கில் ‘அம்மாவால் முடியுமா என்றுதான் யோசனை’ என்று சேர்த்திருக்கிறீர்கள். கேள்வியே அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. எந்தத் தீவு அழகு என்பதைப் படத்தைப் பார்த்தே முடிவு செய்துகொள்ளலாம். வண்டியே இல்லாத ஊரில், நடக்கச் சிரமப்படும் ஒருவர் நிம்மதியாக இருக்க முடியுமா என்பதைப் படம் சொல்லாது.

முடியும். போகிற நாள், வருகிற நாள், அறை இருக்கும் இடம் ஆகிய மூன்றையும் சரியாக அமைத்துக்கொண்டால் மீதி தானாக நடக்கும். இவற்றில் ஒன்றைக் கோட்டைவிட்டாலும் அம்மா ஐந்து நாளும் அறைக்குள்ளேயே கிடப்பார். நான் கிலி ஆயிரில் ஆறு வருடம் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொடுத்தேன். இப்போது புதுச்சேரியில் அதே வேலை. அந்த ஆறு வருடத்தில் படகிலிருந்து ஆட்களை எத்தனை முறை கைகொடுத்து இறக்கினேன் என்பதற்குக் கணக்கே இல்லை. ஆனால் நான் மருத்துவன் இல்லை. முழங்கால் எவ்வளவு தாங்கும் என்பதை அம்மாவைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எங்கே எத்தனை படி, எவ்வளவு மணல், எவ்வளவு தண்ணீர் என்பதை நான் சொல்கிறேன். அதைக் கொண்டுபோய் அவரிடம் கேளுங்கள்.

முதலில் பெயர். நம் காதுக்குக் ‘கிலி’ என்றால் பயம். அங்கே உள்ள சாசாக் மொழியில் கிலி என்றால் சின்னத் தீவு, அவ்வளவுதான். லொம்போக் தீவின் வடமேற்குக் கரையை ஒட்டி மூன்று கிலிகள் வரிசையாக இருக்கின்றன: ஆயிர், மெனோ, திராவாங்கான். ‘ஆயிர்’ என்றால் தண்ணீர். ஆங்கில எழுத்தைப் பார்த்துவிட்டுப் பலர் ‘ஏர்’ என்கிறார்கள்; படகுக்காரர்களுக்குப் பழகிவிட்டது, சிரித்துக்கொண்டே ஏற்றிக்கொள்வார்கள்.

லொம்போக்கிலிருந்து பார்த்தால் கடைசியில் இருக்கும் திராவாங்கான்தான் பெரியது. பெரியது என்றாலும் நீளம் சுமார் 3 கிலோமீட்டர், அகலம் 2 கிலோமீட்டர். கிழக்குக் கரை முழுக்கக் கடைகளும் மதுக்கூடங்களும். இரவில் பாட்டுச் சத்தம். இளைஞர்களுக்கு அது சொர்க்கம், உங்கள் வீட்டுக்குச் சரிப்படாது. நடுவில் இருக்கும் மெனோ மூன்றிலும் சின்னது, மூன்றிலும் அமைதியானது. மேற்குப் பக்கம் ஒரு உப்பு ஏரிகூட உண்டு. ஆனால் கடைகள் குறைவு, இரவில் பாதைகள் இருட்டு, குழாய்த் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. புதுமணத் தம்பதிகள் கேட்டால் யோசிக்காமல் மெனோ என்பேன். லொம்போக்கிற்கு மிக அருகில் இருப்பது ஆயிர். அங்கே ஊர்க்காரர்களும் பயணிகளும் கலந்து வாழ்கிறார்கள். உணவகம், மருந்துக்கடை, சின்ன கிளினிக் எல்லாம் நடக்கும் தூரத்தில். உங்களுக்கு என் பதில் ஆயிர். கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதே முதல் காரணம். ஏதாவது ஒன்று என்றால் கால் மணி நேரத்தில் லொம்போக் கரையில் நிற்கலாம்.

மோட்டார் வண்டி கூடாது என்பது அங்கே ஊர்க்கட்டுப்பாடு. சட்டப் புத்தகத்தைவிட அதற்குத்தான் மரியாதை. அதற்குப் பதிலாக ஓடுவது சிடோமோ என்ற குதிரைவண்டி. கார் டயர் மாட்டிய, கூரை வைத்த சின்ன வண்டி, மட்டக்குதிரை, கழுத்தில் சலங்கை. நம் பழைய ஜட்காவின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். சலங்கைச் சத்தம் கேட்டால் ஓரமாக ஒதுங்க வேண்டும், வண்டி உங்களுக்காக நிற்காது. இப்போது மின்சார ஸ்கூட்டர்களும் பெருகிவிட்டன. அவை சத்தமே இல்லாமல் பின்னாலிருந்து வருவதால் எனக்குக் குதிரையைவிட அவற்றிடம்தான் பயம். மகளின் கையை விடாதீர்கள்.

சிடோமோவில் ஏறும் படி உயரம். முழங்கால் வலி உள்ளவர் தரையிலிருந்து நேராக ஏறுவது கஷ்டம். வண்டிக்காரரிடம் மேடான இடமாகப் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள், அல்லது விடுதியில் ஒரு முக்காலி வாங்கி வையுங்கள். ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசிவிடுங்கள். குதிரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. உவர்நீரைக் குடித்துக்கொண்டு, வெயிலில், மணலில் இழுக்கும் பிழைப்பு அவற்றுக்கு. சில வண்டிக்காரர்கள் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்வார்கள், சிலர் அப்படி இல்லை. எங்கள் வழக்கம், மூட்டையும் முதியவரும் வண்டியில், கால் நன்றாக இருப்பவர்கள் நடை. தீவைச் சுற்றிவர நிதானமாக நடந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. உங்கள் வீட்டிலும் அப்படியே செய்யலாம்.

சரி, போய்ச் சேருவது எப்படி? விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அம்மாவின் பயணம் நல்லபடியாக அமைவதும் அமையாததும் இங்கேதான். பெரும்பாலானவர்கள் பாலியில் இறங்கி, பாடாங் பாய் போன்ற துறையிலிருந்து வேகப்படகில் வருகிறார்கள். கேட்க எளிது. கடலைப் பொறுத்து ஒன்றரை, இரண்டு மணி நேரம். ஆனால் பாலிக்கும் லொம்போக்கிற்கும் இடையே உள்ள கடல் சாதாரணமானது அல்ல. பசிபிக் கடலிலிருந்து இந்தியப் பெருங்கடலுக்குப் பாயும் நீரில் ஒரு பங்கு இந்த இடுக்கு வழியாகத்தான் போகிறது. நீரோட்டம் ஒரு பக்கம், காற்று எதிர்ப்பக்கம் என்று மோதும் நாளில் அலை எழுந்து படகு தூக்கித் தூக்கிப் போடும். ஜூலை, ஆகஸ்டில் தென்கிழக்குக் காற்று பலமாக வீசும்போது இது அதிகம். முழங்காலை விடுங்கள், இடுப்புக்கே அது ஆகாது. கடல் மோசமாக இருந்தால் படகுகளை நிறுத்தியும் விடுவார்கள்.

ஆகவே லொம்போக் விமான நிலையத்துக்கே நேராக வாருங்கள். கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நேரடி விமானம் இருக்கிறது, சென்னையிலிருந்து இரண்டு ஊருக்கும் தாராளமாக விமானம் உண்டு. பாலியையும் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்றால், பாலியிலிருந்து லொம்போக்கிற்கு அரை மணி நேர விமானத்தைப் பிடியுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு வந்திறங்கியதும் விசா கொடுக்கிறார்கள், 30 நாளுக்கு 5 லட்சம் இந்தோனேசிய ரூப்பியா. அதையே இணையத்தில் முன்கூட்டி எடுத்துவிட்டால் அம்மா வரிசையில் நிற்க வேண்டாம். விமான நிலையத்திலிருந்து பாங்சால் படகுத்துறை காரில் சுமார் இரண்டு மணி நேரம். விமானம் பிற்பகலில் இறங்குகிறது என்றால் அன்றே தீவுக்கு ஓட வேண்டாம். மாதாரத்திலோ செங்கிகியிலோ ஓர் இரவு தங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள். காலையில் கடலும் பெரும்பாலும் தணிந்திருக்கும்.

பாங்சாலில் ஊர்ப் படகு இருக்கிறது. இருபுறமும் மிதவை கட்டிய மரப்படகு. ஆள் நிறைந்தால்தான் கிளம்பும், சாயங்காலத்தோடு நின்றுவிடும். கீரைக்கட்டு, முட்டைத் தட்டு, கோழி, எரிவாயு உருளை இவற்றோடு நீங்களும் போவீர்கள். எனக்கு அது மிகவும் பிடிக்கும், அம்மாவுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். பல நேரம் படகு மணலில் முட்டி நிற்கும். முன்பக்கத்திலிருந்து தண்ணீருக்குள் இறங்க வேண்டும். அலையைப் பொறுத்து கணுக்கால் முதல் முழங்கால் வரை தண்ணீர் இருக்கும். படகு ஆடிக்கொண்டே இருக்கும்போது, வலிக்கும் காலை எங்கே ஊன்றுவது என்று தெரியாமல் நிற்கும் அந்தப் பத்து விநாடிதான் ஆபத்து. ஒருமுறை ஒரு வயதான அம்மையார் அப்படி நின்றபோது, படகுப் பையன்கள் இருவர் ஆளுக்கொரு கையைப் பின்னி நாற்காலிபோல வைத்து, உட்காரச் சொல்லி, அப்படியே தூக்கிக்கொண்டு போய் உலர்ந்த மணலில் இறக்கினார்கள். சேலை நுனிகூட நனையவில்லை. எல்லா நாளும் அந்தப் பையன்கள் இருப்பார்கள் என்று நம்பிப் போக முடியாதே. விடுதியிடம் சொல்லித் தனிப் படகு ஏற்பாடு செய்யுங்கள். ‘கரையில் இறக்கக் கூடாது, மேடைப் படகுத்துறையில்தான் இறக்க வேண்டும்’ என்று எழுத்தில் உறுதி வாங்குங்கள். நான்கு பேருக்கு அது ஊர்ப் படகைவிடப் பல மடங்கு செலவுதான். இந்தப் பயணத்தில் தாராளமாகச் செலவழிக்க வேண்டிய ஒரே இடம் அதுதான்.

அப்புறம் பெட்டி. சக்கரம் வைத்த பெட்டி அந்த மணலில் உருளாது, ஏர் போல உழுதுகொண்டே வரும். சில பாதைகளில் கல் பாவியிருக்கிறார்கள், மீதி மணல்தான், மழை பெய்தால் குட்டை. முதுகில் மாட்டும் பை கொண்டுவாருங்கள். இதே காரணத்தால் சாதாரண சக்கர நாற்காலியும் அங்கே பயன்படாது. அம்மா கைத்தடி வைத்திருந்தால் அடியில் அகலமான ரப்பர் மாட்டியது வேண்டும். கூர்த்தடி மணலில் இறங்கிவிடும்.

அறைக்கு வருவோம். அங்கே மிகப் பிரபலமானது ‘லும்புங்’ என்ற கூரைவீடு. சாசாக் மக்களின் நெற்களஞ்சிய வடிவம், கமான் போல வளைந்த ஓலைக்கூரை. படத்தில் பார்த்தவுடன் இதுதான் வேண்டும் என்று தோன்றும். பலவற்றில் படுக்கை மேலே இருக்கும், ஏறுவதற்கு ஏணிபோலச் செங்குத்தான படி. குளியலறை வானம் பார்த்தது, தரை கூழாங்கல். அம்மாவுக்கு இது ஆகவே ஆகாது. தரைத்தள அறை, வாசலில் அதிகபட்சம் ஒரு படி, வழுக்காத குளியலறைத் தரை என்று கேளுங்கள். படகுத்துறையிலிருந்து 300, 400 மீட்டருக்குள் இருக்கட்டும். தீவின் வடக்கு முனையில் அழகான விடுதிகள் உண்டு, அமைதியும் அதிகம். ஆனால் அங்கே தங்கினால் ஒரு காபிக்குக்கூட அம்மா குதிரையை நம்பியிருக்க வேண்டும். கிழக்குக் கரையில் கிடைத்தால் இன்னும் நல்லது. காலை ஆறு மணிக்கு லொம்போக் மலைகளுக்குப் பின்னாலிருந்து சூரியன் வருவதை, மேகம் இல்லாத நாளில் 3,726 மீட்டர் உயர ரிஞ்ஜானி எரிமலையோடு சேர்த்து, வாசலில் உட்கார்ந்தே பார்க்கலாம்.

எப்போது போவது? மழை இல்லாத காலம் மே முதல் அக்டோபர் வரை. அதில் ஜூலை, ஆகஸ்ட் ஐரோப்பியர்களின் விடுமுறை. கூட்டமும் விலையும் காற்றும் ஒன்றாக ஏறும். நான் சொல்வது மே, ஜூன் முதல் பாதி, அல்லது செப்டம்பர். மகளின் பள்ளி விடுமுறைக்கு மே மாதம் பொருந்தும் என்று நினைக்கிறேன். பாலியில் நியெப்பி என்ற மௌன நாள் மார்ச்சை ஒட்டி வரும். அன்று பாலி முழுக்க, விமான நிலையம் உட்பட, 24 மணி நேரம் மூடிவிடுவார்கள். அதைத் தவிர்க்கப் பாலியிலிருந்து கூட்டம் கிலிகளுக்கு ஓடிவரும், அந்த வாரம் வேண்டாம்.

முழு அமைதி வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எஞ்சின் சத்தம் இருக்காது என்பது ஓரளவு உண்மை, படகு எஞ்சின் கேட்கும். ஆனால் ஊர் முஸ்லிம் ஊர். விடியலுக்கு முன்பே பாங்கு ஒலிக்கும், கூடவே சேவல்கள். மசூதிக்குப் பக்கத்து அறை என்றால் தூக்கம் கலையும், முன்பதிவுக்கு முன் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கிக்கு எழுந்து பழகிய நமக்கு அது பெரிய விஷயமும் இல்லை. நீச்சல் உடையோடு ஊருக்குள் நடக்காமல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டால் போதும், அவர்கள் எதிர்பார்க்கும் மரியாதை அவ்வளவே.

சைவச் சாப்பாடு கிடைக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிக்கல் உண்டு. அதன் பெயர் தெராசி, இறால் விழுது. சம்பல் என்று வரும் மிளகாய்த் துவையலில் பெரும்பாலும் இருக்கும். லொம்போக்கின் பெருமையான ப்ளெச்சிங் கங்குங் பார்க்க வெறும் கீரை, நம் வள்ளல் கீரைதான். மேலே ஊற்றும் காரத்தில் இறால் இருக்கும். ‘நான் வெஜிடேரியன்’ என்றால் இறைச்சியை மட்டும் நிறுத்துவார்கள், தெராசி அவர்கள் கணக்கில் இறைச்சி இல்லை. ‘தன்பா இகான், தன்பா தெராசி’ என்று சொல்லுங்கள். மீன் வேண்டாம், இறால் விழுது வேண்டாம் என்று பொருள். தெம்பே என்ற புளிக்கவைத்த சோயா கட்டி, தாஹு என்ற சோயா பனீர், சோறு, வேர்க்கடலைச் சாறு ஊற்றிய காய்கறியான காடோ காடோ, பழம் இவற்றை வைத்து ஐந்து நாள் ஓட்டலாம். காடோ காடோவின் வேர்க்கடலைச் சாற்றிலும் சில இடங்களில் தெராசி சேர்ப்பார்கள், அங்கேயும் கேளுங்கள். ஊறுகாயும் பருப்புப்பொடியும் எடுத்துவருவது அம்மா விருப்பம். பாட்டில் அல்லது வடிகட்டிய தண்ணீரை மட்டும் குடியுங்கள். பெரியவர்கள் மது அருந்துவதாக இருந்தால், மூடி திறக்காத பீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அராக் என்ற நாட்டுச் சாராயத்தில் மெத்தனால் கலந்து, பாலியிலும் லொம்போக்கிலும் உயிரிழப்புகள் நடந்திருக்கின்றன.

மகளுக்குக் கடல்தான் முக்கியம். பேராமை, அழுங்காமை இரண்டும் அங்கே உண்டு. மெனோவுக்கு அருகே 2017இல் கடலடியில் வைத்த 48 மனிதச் சிற்பங்களை ஸ்நார்க்கல் போட்டுக்கொண்டே மேலிருந்து பார்க்கலாம். ஆனால் கரை பஞ்சுமணல் என்று நினைத்து வராதீர்கள். உடைந்த பவளத் துண்டுகள் காலைக் கிழிக்கும், ரப்பர் அடிவைத்த நீர்ச் செருப்பு எல்லோருக்கும் வேண்டும். கிழக்குக் கரையில் கடல் வற்றும் நேரத்தில் வெகுதூரம் முழங்கால் ஆழம்தான், நீந்த முடியாது. தீவுகளுக்கு இடையே ஓடும் நீரோட்டம், நம் கடற்கரைக்காரர்கள் நீவாடு என்பது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. எதிர்த்தீவு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாக நினைத்து நீந்திப் போனவர்களைப் படகு எடுத்துப்போய் மீட்டுவந்திருக்கிறோம். நன்றாக நீந்துகிறவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். மகளுக்கு மிதவைச் சட்டை, பக்கத்தில் உள்ளூர் வழிகாட்டி, இரண்டும் இல்லாமல் இறக்காதீர்கள். ஆமையைக் கண்டால் ஓரமாக மிதந்தபடி பார்க்கச் சொல்லுங்கள். அது மூச்சு வாங்க மேலே வரும் வழியை மறித்து நிற்கக் கூடாது, தொடவே கூடாது.

மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று. 2018 ஆகஸ்ட் 5 அன்று லொம்போக்கில் 6.9 அளவில் நிலநடுக்கம் வந்தது. அந்தத் தீவில் 500 பேருக்கு மேல் இறந்தார்கள், கிலிகளிலிருந்து பயணிகளைப் படகு படகாக வெளியேற்றினார்கள். மீண்டும் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, அது நிலநடுக்கப் பகுதிதான். ஆயிர் தட்டையான தீவு, குன்று இல்லை. கூடும் இடம் எது என்பதை முதல் நாளே விடுதியில் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். தீவில் உள்ள கிளினிக் காய்ச்சல், காயம் வரைக்கும்தான், பெரிய மருத்துவமனைக்கு மாதாரம் போக வேண்டும். அம்மாவின் மருந்துகளை இரண்டு வாரத்துக்குச் சேர்த்தே எடுத்துவாருங்கள். படகு வழியாக நோயாளியைக் கொண்டுபோகும் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீடு எடுங்கள். கையில் ரூப்பியா ரொக்கம் இருக்கட்டும். ஏடிஎம் உண்டு, அதில் பணம் இல்லாத நாளும் உண்டு. விலைகளை நான் எழுதாததற்குக் காரணம், அவை வருடா வருடம் மாறுவதால் பழைய எண் உங்களைக் குழப்பும்.

அம்மா பகல் முழுக்க என்ன செய்வார் என்று யோசிப்பீர்கள். அங்கே வீட்டு முற்றங்களிலும் பல விடுதி வாசல்களிலும் பெருகாக் என்று ஒன்று உண்டு. நாலு தூண் அல்லது ஆறு தூண், மேலே ஓலை, இடுப்பளவு உயரத்தில் பலகைத் தளம், சுவர் கிடையாது. நம் திண்ணையைப் பெயர்த்து மரத்தடியில் வைத்ததுபோல இருக்கும். முழங்கால் வலிக்காரர்களுக்கு அந்த உயரம் அளந்து வைத்ததுபோல. குனியாமல் உட்காரலாம், தள்ளாடாமல் எழலாம், சாய்ந்து படுக்கவும் செய்யலாம். ஈப்போவிலிருந்து மகனோடு வந்த ஒரு பாட்டி, நாலு நாளும் எங்கள் டைவிங் கடைக்கு எதிரே இருந்த பெருகாக்கை விட்டு நகரவே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் மீன் ஆய்ந்துகொண்டே அவரோடு மலாயில் பேசினார்கள், அவரும் பேசினார். கப்பலுக்கு அவர்கள் ‘கபால்’ என்பதைக் கேட்டு, அது எங்கள் வார்த்தை என்று அந்தப் பாட்டி வழக்குப் பேசியது இன்னும் நினைவிருக்கிறது. விடுதிக்கு எழுதும்போது, தரைத்தளம், படகுத்துறையில் இறக்கம், இந்த இரண்டோடு வாசலில் பெருகாக் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.